அமைதி மிகுந்த வீடு

வாண்டு ஏன் தூங்கவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. வயிறு நிறைந்திருந்தது. காய்ச்சல் இல்லை. அறை கதகதப்பாக இருந்தது, மெத்தை மெத்தென்று இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்து அம்மா தோளில் போட்டுத் தட்டினால் கண்கள் சொருகும். படுக்கையில் கிடத்தினால் சற்று நேரம் கிடப்பான். பிறகு யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலக் கண்களை அகலத் திறந்து, எழுந்து உட்கார்ந்து அழத் தொடங்குவான்.

இதில் கூடுதல் வெட்கம் என்னவென்றால், அம்மா பச்சிளங்குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்தவள். ஊரார் பிள்ளைகளையெல்லாம் தூங்கவைத்த கை. சொந்தப் பிள்ளையிடம் அந்தக் கையின் ஜம்பம் பலிக்கவில்லை.

அவர்கள் தங்கியிருந்தது ஒரு குளிர்நாட்டில், மிஷனரிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளியில். தங்கள் மொழி பேசாத மக்களிடையே போய் வாழ்ந்து ஊழியம் செய்ய விரும்புகிறவர்கள் பல நாடுகளிலிருந்து வந்து அங்கே தங்கிப் படித்தார்கள். அவளும் கணவனும் வாண்டுவைத் தூக்கிக்கொண்டு குளிர்காலத் தொடக்கத்தில் வந்து சேர்ந்தார்கள். காலையில் மணி அடித்ததும் அமைதி வேளை. ஒவ்வொருவரும் வேதாகமத்தோடு தனியே உட்காருவார்கள். பிறகு பொதுக்கூடத்தில் சாப்பாடு, ஆராதனை, வகுப்புகள். மாலையில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வேலை உண்டு. அவளுக்குக் காய்கறி நறுக்குவது, அவனுக்கு நடைபாதையில் பனியை ஒதுக்குவது.

பள்ளியில் அவளுக்குப் பிடித்த வகுப்பு ஒன்றே ஒன்று. ஒலிப் பயிற்சி. எழுத்தும் புத்தகமும் இல்லாத ஒரு மொழியை எப்படிக் கற்பது என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். வாய் முன்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு பேச வேண்டும். மூச்சு எந்த ஒலியில் கையைத் தொடுகிறது, எதில் தொடவில்லை என்று பார்க்க வேண்டும். நாக்கின் நுனி பல்லைத் தொடுகிறதா, மேலண்ணத்தைத் தொடுகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறந்ததிலிருந்து வாய்க்குள் இப்படி ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, தனக்கு இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்றே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த வகுப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, வாண்டு தூங்க வேண்டிய நேரத்தில் நடந்தது. அதே நேரத்தில் கணவனுக்கு வேறொரு வகுப்பு. வாண்டு தூங்கினால் கீழ்வீட்டு அக்கா வந்து காவல் இருப்பார். அவர் அங்கே ஒரு வருடம் முன்னதாக வந்தவர், தமிழ் பேசும் இன்னொரு மாணவி. தூங்காவிட்டால் வாண்டு அம்மாவைத் தவிர யாரிடமும் நிற்கமாட்டான். ஆகவே அவள் வகுப்புக்குப் போகாத நாள்களே அதிகமாயின.

ஒலிப் பயிற்சி ஆசிரியை கனிவாகத்தான் சொன்னார். மாத இறுதியில் மாணவர்கள் வேற்றுமொழி பேசும் குடும்பங்களில் போய்த் தங்கிப் பழக வேண்டும். இந்த வகுப்பைத் தவறவிட்டவர்களை அனுப்ப முடியாது. அப்படியானால் அவளை மாணவியாக வைத்திருக்க இயலாது, கணவனோடு உடன் வந்தவராகத்தான் கருதுவார்கள்.

உடன் வந்தவர். வேலையை விட்டுவிட்டு, ஊழியத்துக்கான அழைப்பு தனக்கும்தான் என்று நம்பி வந்தவளுக்கு அந்த இரண்டு சொல்லும் உறுத்தின.

தூக்கம் குறைந்த நாள்கள் கனவுபோலப் போயின. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. மரங்கள் பாதிவரை தெரிந்தன, பாதிக்குமேல் எங்கோ போய்விட்டன. வாண்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு வகுப்பறைகளின் கண்ணாடிக் கதவுகளைக் கடந்து நடப்பாள். உள்ளே எல்லாரும் வாயைக் குவித்தும் விரித்தும் ஒலிகளைப் பழகிக்கொண்டிருப்பார்கள். ஒரு சத்தமும் வெளியே வராது. தொட்டிக்குள் மீன்களைப் பார்ப்பதுபோல இருக்கும். தான்தான் தொட்டிக்குள் இருக்கிறோமோ என்றும் சில சமயம் தோன்றும்.

அந்தக் கட்டடம் அவ்வளவு அமைதியானது. அது தற்செயலாக வந்த அமைதி இல்லை, பார்த்துப் பார்த்துக் கட்டியது. ஜன்னல்களில் கண்ணாடி இரட்டை. இரண்டுக்கும் நடுவே அடைபட்ட காற்று குளிரையும் நிறுத்தும், தெருச் சத்தத்தையும் நிறுத்தும். கதவு விளிம்புகளில் ரப்பர்ப் பட்டை. தரையில் கனத்த கம்பளம், காலடியை அப்படியே விழுங்கிவிடும். அறையைச் சூடாக்கச் சுவரோரம் குழாய்களில் வெந்நீர் ஓடியது, அதற்கும் சத்தம் கிடையாது. நீர் சூடேறும்போது மட்டும் இரும்பு விரிந்து எப்போதாவது "டிக்" என்னும்.

ஒருநாள் கீழ்வீட்டு அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு வந்து கதவருகே நின்றார்.

"என்ன, உன் ராசா இன்னிக்காவது தூங்கினானா?"

"எங்கக்கா... கண்ண மூடுறான், மூடின வேகத்துல தொறக்குறான்."

"நான் செருப்பக் கையில தூக்கிட்டுல்ல படியேறி வந்தேன்!"

"தெரியும்க்கா. அதுலதான் முழிச்சான்."

"கையில தூக்கினதுக்கா முழிச்சான்?"

"மேல வந்து கீழ வெச்சீங்கல்ல, அந்தச் சத்தத்துக்கு."

அக்கா வாண்டுவைப் பார்த்தார். வாண்டு கன்னத்தில் கண்ணீரோடு அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

"சிரிப்பப் பாரு. திருட்டுப் பய. ஆத்தாளப் படிக்க விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டான்."

கணவன் ஒரு யோசனை சொன்னான். "பேசாம நான் என் கிளாஸ விட்டுட்டு வீட்ல இருக்கேன். நீ போயிட்டு வா."

"நீங்க இருந்தாலும் அவன் என்னத்தான கேக்குறான். ரெண்டு பேரும் சேர்ந்து ஃபெயிலாகலாம்னு பாக்குறீங்களா?"

மறுநாள் காலை ஆராதனையில் அவன் எழுந்து நின்று, வாண்டுவின் தூக்கத்துக்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டான். கூடம் முழுவதும் தலைகள் குனிந்தன. அவரவர் மொழியில் முணுமுணுத்தார்கள். ஒரு சிறுபிள்ளையின் மதியத் தூக்கத்துக்காக அத்தனை மொழிகளில் விண்ணப்பம் ஏறியது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

ஜெபித்ததோடு யாரும் நிற்கவில்லை. தச்சுவேலை தெரிந்த ஒருவர் வந்து கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டார். மேல்மாடிக்காரர்கள் நாற்காலிக் கால்களுக்குத் துணி சுற்றினார்கள். மதியமானால் அந்தப் பகுதியில் எல்லாரும் நுனிக்காலில் நடந்தார்கள், கையாலும் கண்ணாலும் பேசினார்கள். வீடு முன்னைவிட அமைதியாயிற்று. வாண்டு முன்னைவிடச் சீக்கிரம் விழித்தான்.

மாத இறுதி நெருங்கியது. வகுப்பில் ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் யாராவது பேசிய ஒலிப்பதிவைக் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் பொருள் தெரியாமலே அதிலுள்ள ஒலிகளைக் குறித்துக்கொள்வார்கள். இதையும் தவறவிட்டால் அவளுக்குக் கதவு மூடிவிடும். ஊரிலிருந்த நாத்தனாரைக் கேட்டாள். அவர் முன்பு எல்லாரும் சேர்ந்திருந்த வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து, தையல்காரர் ரவிக்கையைக் கெடுத்த கதையைக் கைப்பேசியில் பேசி அனுப்பிவிட்டார். வேறு வழியில்லாமல் வாண்டுவையும் தூக்கிக்கொண்டு அவள் வகுப்புக்குப் போனாள்.

ஆசிரியை பதிவை ஒலிபெருக்கியில் ஓடவிட்டார். "அளவு ரவிக்கை குடுத்தேன்ல? அதப் பாத்து தெச்சவன், எனக்குத் தெச்சானா, எங்க வீட்டுத் தலகாணிக்குத் தெச்சானா!" என்று நாத்தனார் அந்தப் பனிநாட்டு வகுப்பறையில் பொரிந்து தள்ளினார். பல நாட்டுக்காரர்கள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு தையல்காரரின் குற்றங்களைக் குறித்தார்கள். ஆசிரியை திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பென்சில் விழுந்தது. யாரோ தும்மினார்கள். யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

தோள் கனத்தது. அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். வாண்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

"அத்தை ஏக்கம்!" என்று கீழ்வீட்டு அக்கா அன்று மாலை காய்கறி நறுக்கும் இடத்தில் அடித்துச் சொன்னார். "இவ்வளவுதான் விஷயம். பிள்ளைக்கு அத்தை குரல் வேணும்."

அவளும் நம்பினாள். மறுநாள் மதியம் நாத்தனாரை வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே பொழுது சாய்ந்திருந்தது, நாத்தனார் மொட்டைமாடியில் தனியே உட்கார்ந்திருந்தார்.

"என்னடா மருமகனே, தூங்க மாட்டேங்குறியாமே? அத்தை வந்து ரெண்டு போடவா?"

வாண்டு வீறிட்டுக் குதித்தான். கைப்பேசியைப் பிடுங்கி முத்தமிட்டான், நக்கினான், தூக்கியெறிந்தான். அரைகுறையாக வந்திருந்த தூக்கமும் போயிற்று.

"அண்ணி, இது தூங்குற பிள்ள மாதிரி இல்லையே. கச்சேரிக்கு வந்த மாதிரில்ல இருக்கு!" என்றார் நாத்தனார்.

அன்று சாயங்காலம் ஒலிப் பயிற்சி ஆசிரியை நடைவழியில் அவளை நிறுத்தினார். பதிவு நன்றாக இருக்கிறது, ஆனால் மறுபடி எடுக்க வேண்டும் என்றார். பேச்சுக்கு அடியில் விடாமல் ஓர் இரைச்சல் ஓடுகிறதாம். மாணவர்களுக்குச் சில ஒலிகள் கேட்கவே இல்லையாம். அந்த இரைச்சல் சின்னச் சின்ன ஒலிகளையெல்லாம் மூடிவிடுகிறது என்று சொல்லிவிட்டு ஆசிரியை போய்விட்டார்.

அவள் நடைவழியிலேயே நின்றாள். கைப்பேசியைக் காதருகே வைத்துப் பதிவை ஓடவிட்டாள். நாத்தனாரின் குரலை ஒதுக்கிவிட்டு, குரலுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டாள். வ்வ்வ்வ் என்று ஒரே சீராக ஓடியது. வீட்டுக் கூடத்தின் மின்விசிறி. மதியம் நாத்தனார் பேசிய மொட்டைமாடியில் அது இல்லை.

வாண்டு பிறந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அடியில்தான் தூங்கியிருக்கிறான். அவளுடைய வார்டிலும் அப்படித்தான். இன்குபேட்டர் பெட்டிகளின் ரீங்காரம், ஆக்சிஜனின் இரைச்சல், தலைக்குமேல் மின்விசிறிகள். எந்நேரமும் இருந்ததால் அது சத்தம் என்றே அவள் காதில் பதியவில்லை. குழந்தைகள் தன் கைராசியில் தூங்குவதாக நினைத்திருந்தாள்.

நீர் வற்றிய ஆற்றில் ஒவ்வொரு கல்லும் தெரியும். நீர் ஓடினால் கல் அங்கேயேதான் இருக்கும், மேலே தெரியாது. இந்த வீட்டில் நீர் வற்றியிருந்தது. குழாயின் ஒரு "டிக்", படியில் வைத்த ஒரு செருப்பு, எல்லாம் தனித்தனியாக எழுந்து நின்று பிள்ளையைக் கூப்பிட்டன. எல்லாரும் அன்போடு நுனிக்காலில் நடக்க நடக்க, மிச்சமிருந்த ஒவ்வொரு சத்தமும் பெரிதாகிக்கொண்டே போயிருக்கிறது.

அவள் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அக்கா, எனக்கு ஒரு ஃபேன் வேணும்."

அக்கா ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"நீயும் சரியாத் தூங்கல, இல்ல?"

"காத்துக்கு இல்லக்கா. சத்தத்துக்கு."

அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை அக்கா தாடையில் கைவைத்துக் கேட்டார். "அப்போ நான் இத்தன நாளா செருப்பத் தூக்கிட்டு நடந்ததெல்லாம் பிள்ளைக்குச் செஞ்ச பாவமா?" என்றபடி மேற்சட்டையை மாட்டிக்கொண்டார். படிப்பு முடிந்து போகிறவர்கள் தங்கள் சாமான்களை விட்டுச்செல்லும் அறை ஒன்று பள்ளியின் பின்புறம் இருந்தது. கம்பளிக் கோட்டுகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் நடுவே இருவரும் தேடினார்கள். வெப்பநாட்டிலிருந்து வந்த யாரோ ஏமாந்து கொண்டுவந்திருந்த மேசை மின்விசிறி, பிரிக்காத பெட்டிக்குள் இருந்தது.

முதல் நாள் கட்டிலை நோக்கி வைத்தார்கள். காற்று நேரே முகத்தில் அடித்து வாண்டு தும்மினான். வேகம் ஒன்றில் சத்தம் போதவில்லை, மூன்றில் அக்காவே காதைப் பொத்திக்கொண்டார். அடுத்த நாள் திருப்பி வைத்து வேகத்தை மாற்றினாள். அக்காவைக் காவலுக்கு வைத்து, கதவைச் சாத்திவிட்டு வகுப்புக்குப் போனாள். வகுப்பு முடியும்வரை யாரும் கூப்பிட வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மாத இறுதியில் போகிறவர்களோடு ஆசிரியை அவளையும் சேர்த்துக்கொண்டார். எங்கே போய்த் தங்கினாலும் மின்விசிறி கூடவே வரும் என்று மட்டும் அவள் முன்கூட்டியே சொல்லிவைத்தாள்.

இப்படி ஒரு பிள்ளை தூங்கச் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மின்விசிறியைக் கட்டிலிலிருந்து தள்ளித் தரையில், சுவரைப் பார்க்க வைக்க வேண்டும். வேகம் இரண்டு. பிள்ளையைக் கிடத்துவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், அவனாக எழும்வரை நிறுத்தக்கூடாது. வீட்டில் மற்றவர்கள் எப்போதும்போல நடக்கலாம், பேசலாம்.