முழுவதும் படித்துவிட்டுச் சொல்கிறேன்

என் மனைவிக்கு இரண்டு வேலை. ஒன்று, பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்காருவது. கன்னம் வீங்கி வருகிறவர்களிடம் சிரித்த முகமாகப் பேச வேண்டும். இன்னொன்று, வீட்டுக்கு வந்த பிறகு யார் யாரோ எழுதிய, இன்னும் அச்சுக்குப் போகாத நாவல்களைப் படித்து எங்கே இடிக்கிறது என்று சொல்வது. பீட்டா ரீடர் என்று அதற்குப் பெயராம். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் நன்றி மட்டும்தான், சில பேர் அதையும் மறந்துவிடுவார்கள்.

"யாரோ பெத்த பிள்ளைக்கு நீ ஏன்டி மூக்கு சிந்தி விடுற?" என்று கேட்பேன்.

"பெத்தவங்களுக்குத் தன் பிள்ளை மூக்கு ஒழுகுறது தெரியாதுல்ல, அதான்" என்பாள்.

எழுதுகிறவர்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்திருந்தாள். கதாநாயகனைப் பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விட வைக்கிறவர் ஆஸ்துமா. எந்த அத்தியாயத்தை எடுத்தாலும் மழையில் ஆரம்பிக்கிற பெண் மழைக்காரி. இவர்களைப் பற்றிச் சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பாள். நான் லிப்ட் மெக்கானிக். எனக்குத் தெரிந்த புத்தகம் லிப்ட்டோடு வருகிற கையேடு, அதில் பெருமூச்சும் கிடையாது, மழையும் கிடையாது. ஆனாலும் கேட்பேன். அவள் சிரிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அவளிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காலையில் நான் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்று, "சாயங்காலம் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்பாள். என்ன என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்புதான். எந்தக் குட்டு உடைந்தது, யார் போட்டுக் கொடுத்தது என்று லிப்ட் கூண்டின் மேல் நின்றுகொண்டு யோசிப்பேன். மாலையில் வீட்டு வாசலில் கால் வைத்ததும், ஷூவைக் கழற்றக்கூடப் பொறுமையில்லாமல் ஒப்பித்துவிடுவேன்.

"குழாய் ஒழுகுறதுதானே? நாளைக்குப் பார்த்துடறேன். உன் தங்கச்சி போன் பண்ணப்போ எரிஞ்சு விழுந்துட்டேன், அதுவா? டாக்டர் வேணாம்னு சொல்லியும் வெளியில சர்க்கரை போட்டுக் காபி குடிக்கிறேன், அதையா சொல்ற?"

கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஏதாவது ஒன்றுக்குத் தலையை ஆட்டி, "அதேதான்" என்பாள். அதோடு முடிந்தது. ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போவேன். அவள் சொல்வதற்கு முன்னாலேயே கண்டுபிடித்துவிட்டேனே என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

கடைசி நாள் காலையிலும் அதைத்தான் சொன்னாள். "சாயங்காலம் ஒரு விஷயம் சொல்லணும்." நானும் வழக்கம்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிளம்பிப் போனேன்.

மதியம் பல் டாக்டரே போன் செய்தார். "உங்க வீட்டம்மா மயங்கி விழுந்துட்டாங்க, உடனே வாங்க." மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நேற்று வரைக்கும் தலைவலி என்றுகூடச் சொல்லாதவள். மாலையில் வீடு கொள்ளாத கூட்டம். நான் மட்டும் ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். யாரோ கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் மனசைத் தேத்திக்கோ, மனசைத் தேத்திக்கோ என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் போனது ஒரு துக்கம். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது இன்னொன்று. அது நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்தது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

தெரியாததால் எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்தேன். குழாய்க்குப் புது வாஷர் போட்டேன். கிறீச்சிடுகிற சமையலறைக் கதவுக்கு எண்ணெய் விட்டேன். வெளிக் காபியை நிறுத்தினேன். என் அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் வெகுகாலம், அவனுக்கும் போன் போட்டேன். அவன் பாவம், தம்பி துக்கத்தில் இருக்கிறான் என்று அழுதான். நானோ, இதுவாக இருக்குமோ என்று அடுப்பங்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மச்சினி வந்தாள், அவளுடைய தங்கை. லிப்ட் கதவு மூடுவதற்குள் நாலு வாக்கியம் பேசிவிடுகிற பெண். வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். அக்காவின் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்து, வந்திருந்த மெயிலையெல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மாமா, அக்காகிட்ட நாவல் குடுத்தவங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க. படிச்சாச்சா, படிச்சாச்சான்னு கேட்டிருக்காங்க. விஷயத்தைச் சொல்லிடவா?"

"சொல்லு. வேற யாரையாவது பார்த்துக்கட்டும்."

"மழைக்காரியோடது மட்டும் பாதியில நிக்குது மாமா. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் அக்கா குறிப்பு எழுதியிருக்கா. கடைசிக் குறிப்பைப் பாருங்களேன்."

எட்டிப் பார்த்தேன். நாவல் ஒரு பக்கமும் அவளுடைய குறிப்புகள் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களிலும் இருந்தன. கடைசிக் கட்டத்தில் இப்படி இருந்தது: "இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இப்போது சொல்ல மாட்டேன். முழுவதும் படித்துவிட்டுச் சொல்கிறேன்."

என்னிடம் ஒன்றைச் சொல்லாமல் போனாள். மழைக்காரியிடம் ஒன்றைச் சொல்லாமல் போயிருக்கிறாள். முதலாவது இனிமேல் கிடைக்காது. இரண்டாவதாவது கிடைக்கட்டும் என்று நினைத்தேன். அவள் மனதில் கடைசியாக ஓடிய ஏதோ ஒன்று அந்த நாவலில் எங்கேயோதான் இருக்க வேண்டும்.

"இதை எனக்குப் பிரிண்ட் எடுத்துக் குடு, குறிப்போட."

"நீங்களா? நாவலா?" என்றாள் சின்னவள். மறுநாளே ஆபீஸில் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஸ்பானர் பையிலேயே வைத்துக்கொண்டேன். மதிய இடைவேளையில் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து படிப்பேன். கூட வேலை செய்கிறவர்கள், "என்னண்ணே, பரீட்சையா?" என்று கிண்டல் செய்தார்கள். காகிதமெல்லாம் கிரீஸ் கை. நான் அவ்வளவு மெதுவாகப் படிக்கிறவன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும். தங்கை தனக்குப் பிடித்த வாழ்க்கையைத் தேடி வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். வெளியே மழை, கேட்கவா வேண்டும். அண்ணன் அவளைத் தடுக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை. குடையை எடுத்து நீட்டுகிறான். அவள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். அந்த இடத்தில்தான் என் மனைவிக்குச் சந்தேகம்.

கதையைவிட எனக்கு ஓரத்துக் கட்டங்கள்தான் பிடித்தன. படிக்கும்போது அவள் குரலே காதில் விழுந்தது. "இந்தப் பத்தியில் கொட்டாவி வந்தது, என் தப்பு இல்லை." "இங்கே அழுதுவிட்டேன், இதைத் தொடாதே." "மறுபடியும் மழையா? துணி எப்போதுதான் காயும்?" ஒரு இடத்தில் லிப்ட் கயிறு அறுந்து விழுகிறது. பக்கத்தில் எழுதியிருந்தாள்: "எங்கள் வீட்டு மெக்கானிக்கிடம் கேட்டேன். ஒரு கயிறு போனாலும் மற்றது தாங்குமாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மனிதர் தொழில்மேல் உயிரையே வைத்திருக்கிறார்."

அந்தக் காகிதத்தை அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். நல்லவேளை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, யாருக்கும் கேட்டிருக்காது. என்னைப் பற்றி முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இப்படிச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொன்னதே இல்லை.

குடைக்கு அப்புறம் ஓரம் முழுக்க வெறுமை. கட்டமே இல்லாத அந்தப் பக்கங்களை நான் தனியாகப் படித்து முடித்தேன். தங்கை திரும்பி வரவே இல்லை. படித்துவிட்டு மறுபடி குடைக்கு வந்தேன். என்ன சந்தேகம்? முந்தின அத்தியாயத்தில் அந்தக் குடையின் கம்பி உடைந்திருந்தது, அதுவா? தங்கை திரும்பி ஒருமுறைகூடப் பார்க்கவில்லையே, அதுவா? அண்ணன் ஏன் 'போகாதே' என்று சொல்லவில்லை, அதுவா? தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் எழுதியவளிடமே போய்க் கேட்டுவிடலாம் என்று சின்னவளிடம் விலாசம் வாங்கினேன்.

மழைக்காரி ஒரு மருந்துக்கடை வைத்திருந்தாள். ஒல்லியாக, சோகமாக இருப்பாள் என்று நினைத்திருந்தேன். வாட்டசாட்டமான பெண், கடை அதிர்கிற குரல். என்னை யார் என்று சொன்னதும் கவுண்டருக்கு வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"அக்காவை நான் நேர்ல பார்த்ததே இல்ல சார். போன்லயும் எழுத்துலயும்தான். ஆனா எங்க வீட்டுல யார் போயிருந்தாலும் இவ்வளவு அழுதிருப்பேனான்னு தெரியல."

நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்தேன். அந்தக் கட்டத்தைக் காட்டினேன்.

"இந்தச் சந்தேகம் என்னன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? நானும் முழுசாப் படிச்சுட்டேன். கண்டுபிடிக்க முடியல."

அவள் அதைப் பார்த்துவிட்டு அழுகையோடே சிரித்தாள்.

"சந்தேகம்னு ஒண்ணும் இல்ல சார்."

"அப்படின்னா?"

"அது அக்காவோட வேலை. என் முதல் நாவல்லயும் இப்படித்தான் எழுதினாங்க. அப்புறம் சொல்றேன், அப்புறம் சொல்றேன்னு. எனக்கு இருப்பே கொள்ளல. அந்த இடத்தை எடுத்து வெச்சுக்கிட்டு நோண்டி நோண்டி, இருந்த ஓட்டையெல்லாம் நானே கண்டுபிடிச்சுட்டேன். போன் பண்ணி, இதுதானே அக்கா, இதுதானேன்னு அடுக்கினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, 'அதேதான்'னாங்க."

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ரொம்ப நாள் கழிச்சு அவங்களே ஒத்துக்கிட்டாங்க சார். 'எனக்கு ஒண்ணுமே தோணலடி. நான் சொன்னா நீ சண்டைக்கு வருவே. நீயே கண்டுபிடிச்சா உடனே திருத்திடுவே. அதான் சும்மா கொளுத்திப் போட்டேன்'னு. எல்லாருக்கும் இப்படித்தான் செய்வாங்களாம். 'எங்க வீட்டுல கத்துக்கிட்டது'ன்னு சொல்லிச் சிரிப்பாங்க. வீட்டுல யாருகிட்டன்னு நான் கேட்கல."

கடைக்கு யாரோ இருமல் மருந்து கேட்டு வந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"இந்தக் குறிப்பு அன்னிக்கே என் கம்ப்யூட்டர்லயும் வந்துடுச்சு. ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சும் இந்தத் தடவையும் தேடினேன் சார். அந்த அண்ணன் இப்ப வாயைத் திறந்து பேசுறான். எப்பவாவது திரும்பி வான்னு சொல்றான். அக்கா இருந்தா கேட்டிருப்பேன், இதுதானேன்னு. இனிமே நான் எதைத் திருத்தினாலும் அது போதுமான்னு யாரைக் கேட்பேன்?"

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். குழாயும், கதவும், காபியும், அண்ணனும் மனதில் வரிசையாக வந்து நின்றன. அத்தனை வருஷம், கண்டுபிடித்துவிட்டேன் கண்டுபிடித்துவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்த மடையன் நான். கோபம் வந்தது. அவள்மேல்தான். எதிரே இருந்திருந்தால் கத்தியிருப்பேன், அவளும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டிருப்பாள். அப்படியானால் அன்றைக்கும் அவளிடம் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. நான்தான் இத்தனை நாளாக இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். நெஞ்சிலிருந்து முள் போய்விடும் என்றுதான் நினைத்தேன். முள் இருந்தவரைக்கும் அவள் இன்னும் ஏதோ ஒன்றை எனக்காக வைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு இருக்கும், அவள் வேலையிலிருந்து வந்திருக்கிற நேரம். கதவைத் திறந்தேன். எண்ணெய் விட்டபிறகு சமையலறைக் கதவு சத்தமே போடுவதில்லை. குழாயும் சொட்டுவதில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. ஷூவைக் கழற்றாமல் வாசற்படிக்கு உள்ளேயே நின்றேன்.

"குழாயைச் சரி பண்ணிட்டேன்" என்றேன். "கதவையும். வெளிய காபி குடிக்கிறதில்ல. அண்ணன்கிட்ட பேசிட்டேன், வாராவாரம் அவனே கூப்பிடறான். சின்னவகிட்ட இப்பல்லாம் எரிஞ்சு விழறதில்ல, வேணும்னா கேட்டுப் பாரு." கொஞ்சம் நின்று யோசித்தேன், வேறு என்ன விட்டுப்போயிற்று என்று. "அப்புறம், நீ எழுதின குறிப்பையெல்லாம் படிச்சேன்டி. ஒண்ணு விடாம படிச்சேன். ரொம்ப நல்லா எழுதியிருக்கே. அதுதானே?"

உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஷூவோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.