மூன்று ஊர்ச் சம்மதம்

வண்டி இரண்டாவது ஊரைத் தாண்டும்போது ஜெயசுதாவுக்குப் பனிக்குடம் உடைந்தது. பரப்பியிருந்த வைக்கோல் நனைந்தது. "இன்னும் எவ்ளோ தூரங்க?" என்றாள். "வந்துட்டோம்" என்றான் புருஷன் இளஞ்செழியன். தியாகதுருகமே வரவில்லை. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி அதற்கும் அப்பால்.

எண்பத்தேழாம் வருடம், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். மறியல் செய்த மூன்று ஊருக்கும் தொடங்கிய அன்றே தகராறு. எவன் சொந்தக்காரன் கரும்பு வண்டியை எவன் விட்டான் என்று. சமாதானம் பண்ண வந்தவன் முதல் ஊர்க்காரன், கல்லூரியில் சர்வதேச அரசியல் நடத்தும் இளஞ்செழியன். தெற்காசிய நாடுகள் சேர்ந்து சார்க் அமைத்ததிலிருந்து அவனுக்குப் பிராந்திய ஒத்துழைப்பைத் தவிர வேறு பேச்சில்லை, பெண்டாட்டியிடம்கூட. எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நடக்கும் என்று வைத்துவிட்டால் பெரியவன் சின்னவனை மிரட்ட முடியாது என்றான். ஆக, போகிற வண்டிக்கு மூன்று ஊரும் சம்மத அடையாளமாக ஆளுக்கொரு வேப்பங்கொத்து கொடுத்தால்தான் கடைசி மரத்தில் வழி. கை தட்டினார்கள். மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை.

நேற்று, கடைசி ஊர்த் தங்கதுரை தன் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று கொத்து கேட்டு ஓடிவந்தான். இளஞ்செழியன் ஊர்க்காரர்கள் பழைய கரும்பு வண்டிக் கோபத்தில் மறுத்தார்கள். இவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்கள். "ஒருத்தருக்கு வளைஞ்சா அப்புறம் ஒப்பந்தமே நிக்காது தங்கதுரை" என்று தோளைத் தட்டி அனுப்பினான். பொழுது சாய்வதற்குள் கிழவர் போய்விட்டார்.

இன்று கடைசி மரத்தின்மேல் தங்கதுரை மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். இளஞ்செழியன் இரண்டு கொத்தை நீட்டினான்.

"எங்க ஊரு ஒத்துக்கலீங்களே சார்."

"உயிருக்குப் போராடிக்கினு இருக்கா தங்கதுரை."

"தெரியுதுங்க. ஒருத்தருக்கு வளைஞ்சா இன்னா ஆவும்னு நீங்கதான சொன்னீங்க." குரலில் கோபமே இல்லை.

"உயிர் போற அவசரத்துக்கு அந்த விதியில விலக்கு உண்டு" என்றான். அப்படி அவன் எங்கும் படித்ததில்லை.

"அப்பிடீங்களா? நேத்து சொல்லலியே. இன்னைக்கு வெளக்கமா சொல்லுங்க. டேய், சும்மா இருங்கடா, சார் பேசப் போறாரு."

காவலுக்கு நின்றவர்கள் வந்து மரத்தின்மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒருவன் மரியாதைக்குப் பீடியை அணைத்தான். பின்னால் ஜெயசுதா வண்டிக்கம்பைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

இளஞ்செழியன் வேட்டியை இறக்கிவிட்டுத் தொண்டையைச் செருமினான்.

"அதாவது..."