வயிறு வைத்த தூண்கள்

அண்ணன் செத்துப்போன பிறகு அண்ணி அடுப்படியோடு அடங்கிவிடுவாள் என்று தம்பிக்காரன் மனக்கோட்டை கட்டியிருந்தான். அவளோ புருஷனின் உளிகளைத் தூக்கிக்கொண்டு மரம் கடையும் கடைசல் பட்டறைக்கே வந்து, அவனுக்கு எதிர் மெஷினில் நின்றுவிட்டாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம். அவள் மரச்சீவலைக் கூட்டி அவன் பக்கம் தள்ளுவாள். அவன் அவளுடைய சாணைக்கல்லை ஒளித்து வைப்பான்.

பட்டறை அவனுடைய தாய்மாமனுக்குச் சொந்தம். மாமா வீடு கட்டும் மேஸ்திரி. வாய் குறைவு, கோபம் அதிகம். தினமும் பஞ்சாயத்து பண்ணிச் சலித்துப்போய், ஒரு மாடிப்படியின் கைப்பிடித் தூண்களை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார். கீழ்ப்பாதி அவனுக்கு, மேல்பாதி அவளுக்கு. யார் வேலை சுத்தமோ அவருக்குப் பட்டறை. மற்றவர் நடையைக் கட்டலாம். அளவுக்கு ஒரே ஒரு மாதிரித் தூண் தந்தார்.

அவள் முதல் தூணைக் கடைந்த மறுநாளே மாதிரி காணாமல் போனது. எங்கே போகும், அவன் பெட்டிக்குள்தான் பத்திரமாக இருந்தது. அவள் வருமுன் எடுத்து அளவு பார்த்துவிட்டுப் பூட்டிவிடுவான். மாமா கேட்டபோது, கண்ணிலேயே படவில்லை என்று கூசாமல் புளுகினான்.

முடிந்த தூண்களை அன்றன்றே பாலிஷ்காரர் கொண்டுபோய்விடுவார். கடைசியாகக் கடைந்த ஒன்றுதான் அவள் கையில் நிற்கும்; அதை வைத்தே அடுத்ததைக் கடைந்தாள். ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தால் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் விழும், போகப் போக அது சேர்ந்துகொண்டே போகும். அது அவனுக்குத் தெரியும். அதற்காகத்தானே ஒளித்தான்!

படியில் நட்டதும் வேடிக்கை வெளிப்பட்டது. பாதிவரை ஒரே அச்சு. அதற்குமேல் தூண்கள் மெல்ல மெல்ல வயிறு வைத்து, மாடியை எட்டும்போது தொப்பையோடு நின்றன. அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

அண்ணி அசரவில்லை. "மாதிரி இப்படிக் குண்டாத்தான் இருந்துச்சு மாமா. நானாவது போகப் போகப் பிடிச்சுட்டேன். தம்பி கடைசிவரைக்கும் நோஞ்சானாவே கடைஞ்சிருக்காரு."

மாமா தாடையைச் சொறிந்தார். குண்டுத் தூண் அவர் கண்ணுக்கும் லட்சணமாகப் பட்டது போலிருந்தது. தம்பிக்காரனுக்கு ரத்தம் கொதித்தது. வாயால் சொன்னால் எடுபடாது என்று பட்டறைக்கு ஓடினான். மூச்சிரைக்க மாதிரியோடு திரும்பி வந்து, தன் தூணோடு சேர்த்துப் பிடித்தான். மயிரிழை பிசகில்லை.

"இப்பப் பாருங்க மாமா. யாரோடது சரி?"

மாமா தூணைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

"கண்ணுலயே படலன்னு சொன்னியேடா."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான், வேறெதற்கு.

மாமா அவனிடமிருந்த பட்டறைச் சாவியை வாங்கி அவளிடம் கொடுத்தார். அவள் மாதிரிப்படி திருத்திக் கடைய, அவளுடைய தூண்களை அவனே கழற்றிப் பட்டறையில் சேர்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

கறுவிக்கொண்டே கழற்றினான். எங்கேயாவது அவள் கை பிசகியிருக்கும், அதைக் காட்டியாவது மானத்தை வாங்கிவிடலாம் என்று, பக்கத்துப் பக்கத்துத் தூண்களை ஜோடி சேர்த்து உருட்டி உருட்டிப் பார்த்தான். ஒரு ஜோடியில்கூட வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. மாதிரி இல்லாமல் அவனால் இப்படிக் கடைந்திருக்க முடியாது. அது தெரிந்ததும் அவளை முன்னைவிட அதிகமாக வெறுத்தான்.