பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நீண்ட சாலை

2004 ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, கீழ்க்கட்டளையிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் சாலை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் நீண்டுபோனது. பையன்கள் வழக்கம்போல முதல் மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களோடு கிளம்பிய ஒன்பதாம் வகுப்பு ரூக்சார் மதியச் சாப்பாட்டு மணிக்குத்தான் வாசலை மிதித்தாள். "என் பக்கத்துலதாம்மா நடந்துகினு வந்தா, திரும்பிப் பாத்தா ஆளக் காணோம்" என்றான் தம்பி அஃப்தாப். மறுநாள் அவர்களுடைய அம்மா அஜீசா கூடவே போய்ப் பார்த்தாள். அவளுக்கும் அதே தூரம்தான்.

அதிகாரிகள் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். ஓர் அடிகூடக் கூடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்கல்வி விழிப்புணர்வுக்காக ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று பள்ளியிலிருந்து புறப்பட்டு வந்தது. வேன் காலையிலேயே வந்துவிட்டது. அதற்குள் உட்கார்ந்து மைக்கில் பேசிய சாவித்ரி டீச்சர் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். பள்ளிக்கரணைப் பக்கம் மழை இறங்கியதும் தூரம் இன்னும் கூடியது. பக்கத்து வீட்டு லோகநாதன் தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தாம்பரத்தில் தையல் கம்பெனிக்கு அனுப்பினார். தெருவில் ஒவ்வொரு வீடாக நிறுத்தியது. அஜீசாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தே அவள் கால் வீங்கியது.

சோபா தைக்கும் கடை வைத்திருந்த ரூக்சாரின் அப்பா அப்துல் கஃபாரிடம், பல்லாவரத்திலிருந்து அவளுக்குச் சம்பந்தம் பேசி ஆள் வந்தது. "பொம்பளப் புள்ள இருட்டினப்புறம் வூட்டுக்கு வர்றது சரியில்ல. போதும்" என்றார் அவர்.

"ஒருநாள் நீங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் நிறுத்துங்க" என்றாள் அஜீசா.

மகளின் கையைப் பிடித்ததும் சாலை அவருக்கும் நீண்டது. பிறந்ததிலிருந்து பார்த்த டீக்கடைக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவே, அவர் அறியாத பொட்டல் விரிந்து கிடந்தது. வழிநெடுகப் பைக்கில் சாய்ந்து நின்றவர்கள் ரூக்சாரை மேலும் கீழும் பார்த்தார்கள். அவள் தலை நிமிராமல் வேதியியல் சமன்பாடுகளை முணுமுணுத்தபடி நடந்தாள். புளியமரத்தடியில் யார் வீட்டுப் பிள்ளைகளோ செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தினமும் இப்டித்தானா?"

"இன்னிக்குப் பரவால்ல அத்தா. நீங்க கூட இருக்கீங்க."

அந்தித் தொழுகைக்கு மஃரிபு பாங்கு சொல்லியும் அவர்கள் திரும்பவில்லை. அஜீசா கேட்டைப் பிடித்தபடி துஆ ஓதிக்கொண்டே நின்றாள். வந்த கஃபார் கால் கழுவினார். பிறகு பல்லாவரத்துக்குப் போன் போட்டு, "இப்ப இல்லீங்க. புள்ள படிக்குது" என்றார்.

மறுநாளும் அவரே போனார். அடுத்த வாரம் லோகநாதன் தையல் கம்பெனியிலிருந்து மகளைத் திரும்பக் கூட்டிவந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார். பொட்டலில் யாரோ தண்ணீர்ப் பானை வைத்தார்கள், யாரோ பெஞ்சு போட்டார்கள். சாலை மட்டும் சுருங்கவேயில்லை. 2006 மார்ச்சில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு, பெண்பிள்ளைகள் அப்பாக்களோடு முதல் நாள் மத்தியானமே புறப்பட்டார்கள். பழகிப்போனதால், தெருவில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அஜீசா மூன்று வேளைக்கு வழிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய் நன்றாகச் சாப்பிட்டாள்.