நஜியாவின் லைசென்ஸ்

கடலூரில் எங்கள் கம்பெனியில் யார் எந்த சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. ஒரு மாதம் சும்மா கிடந்தால் லைசென்ஸைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன். பிரசவத்துக்காகப் பரங்கிப்பேட்டை போயிருந்த நஜியாவின் டிசைன் சாஃப்ட்வேர் மட்டும் தினமும் ஓடியது. ஒரு கோடுகூட வரையப்படவில்லை. எரிச்சலோடு போய்ப் பார்த்தேன். அவளுடைய கம்ப்யூட்டர் முன்னால் கணக்குப் பிரிவு சௌந்தரம் நின்றிருந்தார்.

"என்னக்கா இது? ஒங்களுக்கு டிசைன் போடத் தெரியுமா?"

"பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கிறதில்லையா தம்பி? அது மாதிரிதான். கைக்கொழந்தக்காரி திரும்பி வந்தா நிக்க வெச்சிடுவியா?"

முறைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை சௌந்தரம் அக்கா லீவு. காலையில் முதல் வேலையாக நானே போய் நஜியாவின் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்தேன்.