கேக் மேசைக்கு அடியில்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் குவீன்ஸ்லாந்தில் மழை பெய்து மாதங்களாகிவிட்டன. ஓடையில் மிச்சமிருந்தது ஒரு மடு. அதில் வாத்து மூக்குள்ள நீர்விலங்கான பிளாட்டிபஸ் ஒன்று இருந்தது. விடியும்போது போனால் மூக்கு மட்டும் தெரியும். அந்த மடுவுக்கு அடியில்தான் எரிவாயுக் குழாய்க்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். மடுவில் சேறு கலக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை.

துளைக்குள் களிமண் குழம்பை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். அது மண்ணை அள்ளிக்கொண்டு தொட்டிக்குத் திரும்ப வேண்டும். திரும்பி வருவது குறைந்தால் குழம்பு வேறு வழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். உடனே பம்பை நிறுத்தி அரசுத் துறைக்குச் சொல்ல வேண்டும். நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று அனுமதிப் பத்திரத்திலேயே இருக்கிறது. திட்ட மேலாளர் ராஸுக்கு அனுமதி என்பது சுவரில் மாட்டும் பொருள்.

அன்று காலை தொட்டி இறங்கியிருந்தது. சொன்னேன்.

"வெயிலு கண்ணு. ஆவியாப் போகுது," என்றார் ராஸ். "துறையிலேருந்து லினெட் ஆய்வுக்கு வர்ற அன்னிக்குத்தான் நிறுத்தணுமா உனக்கு?"

லினெட்டுக்காக ராஸ் கரையில் வெள்ளைக் கூடாரம் போட்டிருந்தார். அங்கே சமதளம் என்று இருந்தது ஒரே இடம். முன்பு மண் சோதனை இயந்திரம் நின்ற இடம். அது போட்ட துளையை சிமென்ட் கூழ் ஊற்றி அடைத்திருக்க வேண்டும். ராஸ் அதன் மேல் ஓர் அட்டைத் துண்டை வைத்து, மண்ணைத் தள்ளி, அடைத்தாயிற்று என்று துறைக்குப் படம் பிடித்து அனுப்பினார். லினெட் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே ஏற்றுக்கொண்டார். இப்போது அடையாளக் குச்சியையும் பிடுங்கிவிட்டு, அதே இடத்தில் மேசை.

"அங்கதான் பழைய துளை இருக்கு," என்றேன்.

"அதான் மூடியாச்சே. போய் கேக்கை எடுத்து வை."

லினெட் வந்தார். எச்சரிக்கைப் பலகையில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார். வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை. லாமிங்டன் கேக் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் உங்களை மாதிரி நடத்தினா எனக்கு வேலையே இருக்காது ராஸ்."

வாக்கி டாக்கியில் டூகலின் குரல் வந்தது. துளை இயந்திரம் அவர் கையில். "ராஸ், தொட்டி பாதி காலி. யாருப்பா குடிக்கிறது?"

"நீ ஓட்டு," என்றார் ராஸ்.

லினெட்டின் நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. மேசைக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் சேறு பொங்கியது. முதலில் ஒரு குமிழி, பிறகு வாளி வாளியாக. ராஸ் வைத்த அட்டைத் துண்டும் மேலே வந்து மிதந்தது.

"மழைத் தண்ணி," என்றார் ராஸ்.

லினெட் கால்களைத் தூக்கிக்கொண்டார். "இதை நான் எழுதணுமா ராஸ்?"

"எதுக்கு? டூகல், நிறுத்தாத!"

நிறுத்தினால் காரணம் எழுத வேண்டும். சேறு கூடாரத்தைத் தாண்டி, சரிவில் மடுவைப் பார்த்து இறங்கியது.

என் வாக்கி டாக்கியை எடுத்தேன். என் குரல் எப்போதும் சின்னது. "டூகல், பம்பை நிறுத்துங்க."

"யாரு?"

"பிரியோனி. மடுவுக்குப் போகுது."

"இதுக்குத்தானே தாயே காத்திட்டிருந்தேன்."

பம்பு ஓய்ந்தது.

"உனக்கு யாரு உரிமை குடுத்தது?" ராஸ் கத்தினார்.

"அனுமதியில இருக்கு. எழுத்துதான் கொஞ்சம் சின்னது."

மணல் மூட்டைகளோடு ஓடினேன். டூகலும் வந்தார். தண்ணீருக்கு ஓர் எட்டு முன்னால் சேறு நின்றது. துறைக்கு அங்கிருந்தே போன் செய்தேன். சம்பந்தப்பட்ட அதிகாரி கள ஆய்வில் இருக்கிறார் என்றார்கள்.

திரும்பிப் பார்த்தேன். லினெட் நாற்காலி மேல் ஏறி நின்று கேக்கை முடித்துக்கொண்டிருந்தார்.