பிள்ளையார் நேரானார்

ஆரியசாலை மொத்த வியாபாரி பகவதிப்பெருமாள் எனக்குத் தர வேண்டியது இருபத்தாறு ரூபாய் எட்டணா. அவருடைய அமெரிக்கக் காருக்குப் பவர் ஸ்டியரிங் கியர் மாட்டிய கூலி. மூன்று நாள் காருக்கடியில் கிடந்தேன். சக்கரங்களை நேராக நிறுத்தி, கியரை நடுவில் வைத்துத்தான் முடுக்கினேன். ஸ்டியரிங் ஒற்றை விரலுக்கே திரும்பியது.

ஆனாலும் முதலாளி முகத்தைச் சுளித்தார். ஸ்டியரிங் நடுவில் அவர் ஒட்டியிருந்த பிள்ளையார் படம் சாய்ந்திருந்தது.

"லே திரவியம், பிள்ளையாரையே சரிச்சுப் போட்டியே! கியரக் கோணலா மாட்டிட்டு ரூவா வேற கேக்கியா?"

"பழைய கியர்தான் கோணல், முதலாளி. அந்தக் கோணலப் பாத்து நீங்க படத்த ஒட்டியிருக்கிய."

"எனக்கு நீ படிப்பிக்காண்டாம், கேட்டியா? கழத்தி மாட்டு. பிள்ளையார் நேராகாம காலணா தரமாட்டேன்."

மறுபடி கழற்றினால் இன்னும் மூன்று நாள் சும்மா உழைக்க வேண்டும். அவரோ சாப்பிட்டுத் தூங்கி வரப் போய்விட்டார். நான் ஸ்பானரைத் தொடவே இல்லை. ஈரத்துணியால் படத்தை நனைத்து உரித்து, நேராக ஒட்டி வைத்தேன்.

சாயங்காலம் வந்தவர் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இப்பம் கியர் சரியாச்சுல்லா? சொன்னா கேக்கணும்டே."

இருபத்தாறு ரூபாய் எட்டணாவை எண்ணி வைத்தார். இரண்டாம் தடவை கழற்றிய கூலி என்று மேலே இரண்டு ரூபாயும் வைத்தார். வாங்கிக்கொண்டேன். படத்தை உரித்து ஒட்டிய மூளைக்கு இரண்டு ரூபாய் மலிவுதான்.